கதவு தோஸ்த்

காலை ஷிப்டுக்குக் கார்டு தேய்க்கப் போனவள், மெஷினுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். கண்ணாடியில் ஒரு குட்டி சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. நேராகப் பெரிய முள்ளைக் காட்டியது. அந்தக் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது கம்பெனிக்கே தெரியும். சாயங்காலம் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் லேட்டாகத்தான் வெளியே வருவோம், காலையில் மட்டும் வாட்ச்மேன் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தால், தண்ணீர்க் குழாயில் இன்னொரு அம்பு. ஒழுகும் இடத்தில் கச்சிதமாக ஒட்டியிருந்தது. கேன்டீனில் கடகடவென்று சத்தம் போடும் ஃபேனுக்குக் கீழே, சுவரில் ஒன்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியாக என் எச்ஆர் ரூமுக்கு வந்தேன். வாசலில் நானே ஆர்டர் கொடுத்து மாட்டிய போர்டு: 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்.' அதில் 'குடும்பம்' என்ற சொல்லுக்கு நேராக ஓர் அம்பு.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

அம்பு என்றால்

போன வாரம் இந்தப் பத்தியில், கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஆலங்காயத்திலிருந்து ஒரு வாசகி, 'ஷூ கம்பெனியில் சண்டையைத் தவிர வேலையும் நடக்குமா?' என்று கேட்டிருக்கிறார். நடக்கும் அம்மா. இதோ சொல்கிறேன்.

ஷூவின் மேல்பாகம் தைத்து முடிந்ததும் செக்கிங் டேபிளுக்கு வரும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் நகக்கண் அளவு சிவப்பு அம்புகள் உள்ள ஸ்டிக்கர்ச் சுருள் ஒன்று இருக்கும். தையல் விலகியிருந்தாலோ, பசை வழிந்திருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பு ஒட்டிவிட வேண்டும். பேச்சே கிடையாது. ரிப்பேர் டேபிளில் இருப்பவர் அம்பைப் பார்ப்பார், சரிசெய்வார், பிய்த்துப் போடுவார். எந்தக் கை தைத்தது என்ற விசாரணையெல்லாம் அந்த டேபிளில் இல்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பெடுப்பது என் வேலை. "குறை எங்க தெரிஞ்சாலும் அம்பு ஒட்டுங்க. யார் மூஞ்சியும் பாக்காதீங்க" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். அந்த வசனத்துக்குக் கொஞ்சம் கைத்தட்டல்கூடக் கிடைக்கும்.

மேனேஜர் ரூமில்

எங்கள் மேனேஜர் நல்ல மனுஷர். குரலை உயர்த்தமாட்டார், யார் வீட்டு விசேஷமானாலும் வந்து நிற்பார். பார்ட்டி வரும் வாரத்தில் மட்டும் அவர் வேறு ஆள். பார்ட்டி என்றால் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள். மறுநாள் வருவதாக இருந்தது.

"இன்னா மேடம் இது? கம்பெனி பூரா அம்பு. வர்றவன் இன்னா நெனப்பான்? மொத்தக் கம்பெனியும் ரிஜெக்ட்டுன்னு நெனைக்க மாட்டானா?"

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. என் சேர்ல கூட ஒட்டியிருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு சக்கரம் இல்லாமல் ஒருபக்கம் சாய்ந்திருக்கும் அவருடைய சுழல் நாற்காலியில், சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் அம்பு.

"யாருன்னு பாருங்க. ட்ரெய்னியாத்தான் இருக்கும். நம்ம பழைய ஆளுங்களுக்கு இந்த தைரியம் வராது. இன்னிக்கே அனுப்பிடுங்க. எதுக்கும் ஷமீம்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குங்க, அவங்க வேணும்னு சொன்னா மட்டும் என்கிட்ட வாங்க."

செக்கிங் டேபிள் சூப்பர்வைசர் ஷமீம், இப்படி அம்பு ஒட்டின பெண்ணை வேணும் என்று சொல்லமாட்டாள். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

தையல் ஹாலுக்குப் போய், "அம்பு ஒட்டினது யாரு?" என்று கேட்டேன். என் காலத்தில் இப்படிக் கேட்டால் ஹால் முழுக்க ஊசி நுனியைப் பார்த்துக் குனிந்துகொள்ளும். அன்று செக்கிங் டேபிளில் ஒரு கை உடனே மேலே போனது.

"நான்தான் மேடம். ஏன், எதுனா விட்டுட்டனா?"

நிவேதா. ஒடுகத்தூர்ப் பெண். டிகிரி முடித்த கையோடு வந்து, கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, ட்ரெய்னிங்கின் கடைசி வாரத்தில் இருந்தாள். அந்த வாரம் சூப்பர்வைசர் 'சரி' என்றால் வேலை நிரந்தரம். அவளுடைய சூப்பர்வைசர்தான் ஷமீம்.

குடும்பம் வீட்லயே கீது

இந்தப் பிள்ளைகள் வந்த புதிதில் எனக்குத் தலை சுற்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா கேட் வரை வந்தார். "வாயத் தொறக்காத, சொன்னதச் செய்யி" என்று சொல்லிவிட்டு, நான் உள்ளே போகும்வரை வெயிலில் நின்றார். எந்த டிபார்ட்மென்ட் என்றுகூட நான் கேட்கவில்லை. மிஷினில் உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தேன். பிறகு கரஸில், அதாவது தபால் வழியில் படித்து ஆபீஸுக்கு மாறினேன். அதனால் பழையவர்களுக்கு நான் இன்னமும் மலரு. புதியவர்களுக்கு எச்ஆர் மேடம்.

இவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்கிறார்கள். சனிக்கிழமை உண்டா? ஓவர்டைம் கட்டாயமா? ஒரு பையன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவன் வரவேயில்லை. வாய்ஸ் மெசேஜ் மட்டும் வந்தது: "மேடம், சொல்யூஷன் வாசன எனக்கு செட் ஆவல. நீங்க நல்லவங்க. பை." பசைக்கு இங்கே சொல்யூஷன் என்று பெயர். நாங்களெல்லாம் அந்த வாசனைக்குத் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு பழகினவர்கள். நல்லவங்க என்று சொல்லிவிட்டுப் போனானே என்று அன்று நாள் முழுக்க அவனைத் திட்டவும் முடியவில்லை.

நிவேதா இருந்த வகுப்பில் வழக்கம்போல, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தேன். அவள் கை தூக்கினாள்.

"மேடம், குடும்பம் வீட்லயே கீது. அத வுட்டுட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கோம். இங்க வேல மட்டும் இருக்கட்டும் மேடம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை, அதுதான் பேஜார். திட்டுவதற்கு ஓர் இடம் கொடுத்தால்தானே?

கீறியா?

இப்போது ஷமீமுக்கு ஏன் இந்தப் பெண்ணைப் பிடிக்காது என்று சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் தையல் ஹால் பாத்ரூமைச் சொல்ல வேண்டும். முகத்தைச் சுளிக்காதீர்கள், இது முக்கியமான விஷயம்.

ஹாலுக்குப் பக்கத்தில் பெண்களுக்கு ஒரு வரிசை பாத்ரூம். தகரக் கதவுகள். தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து விழுந்தன. முதலில் யாரோ சொல்லி, மெயின்டனன்ஸ் ஏழுமலை ஸ்குரூடிரைவரோடு வந்தார். உள்ளே ஆள். திரும்பிப் போனார். மறுபடி வந்தார், மறுபடி ஆள். "பொம்பளைங்க பாத்ரூம் வாசல்ல நான் எவ்ளோ நேரம்மா நிக்கிறது?" என்று வெட்கப்பட்டுப் போனவர், அப்புறம் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. ஆடிட் வந்தால் புது பிளாக்கைக் காட்டுவோம். அங்கே டைல்ஸ், கண்ணாடி எல்லாம் உண்டு. ஆனால் அது யார்டைத் தாண்டி அந்தக் கோடியில் இருக்கிறது.

அதனால் ஹாலில் ஒரு வழக்கம் உண்டானது. போகும்போது ஜோடியாகப் போவது. ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு. "கதவு புடிக்க வர்றியா?" என்று கேட்டால் எப்பேர்ப்பட்ட வேலையாக இருந்தாலும் எழுந்து வர வேண்டும். இப்படி வருகிறவளுக்குக் கதவு தோஸ்த் என்று பெயர். ஒருத்திக்கு ஒரு தோஸ்த்துதான். சண்டை போட்டால் தோஸ்த் மாறும், அது ஹால் முழுக்கச் செய்தியாகும். கல்யாணப் பத்திரிகை முதலில் கதவு தோஸ்த்துக்குத்தான்.

உள்ளே இருப்பவளுக்குப் பயம் இருக்குமே, தோஸ்த் பேச்சு சுவாரஸ்யத்தில் கையை விட்டுவிட்டாளா என்று. அதனால் நடுநடுவே, 'இருக்கிறாயா' என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் குரல் கொடுத்துக் கேட்பாள்: "கீறியா?"

வெளியே இருப்பவள் சொல்ல வேண்டும்: "கீறேன்."

என் தோஸ்த் ஷமீம். நான் மிஷினில் இருந்த காலத்திலிருந்தே. ஆபீஸுக்கு மாறின பிறகும் புது பிளாக் பக்கம் நான் போனதில்லை. என் பெண் பிறந்தது, ஷமீமின் வீட்டுக்காரர் துபாய்க்குப் போனது, திரும்பி வந்தது, அவள் மாமியார் படுக்கையில் விழுந்தது எல்லாமே நாங்கள் அந்தத் தகரக் கதவின் இரண்டு பக்கமும் நின்று பேசித் தீர்த்தவை. ஷமீமின் முகத்தைவிட அந்தக் கதவு வழியாக வரும் குரல்தான் எனக்கு நெருக்கம்.

நிவேதா சேர்ந்த முதல் வாரம், ஷமீமே அவளிடம் போய்க் கேட்டாள். "கதவு புடிக்க வர்றியாமா?" சூப்பர்வைசர் ஒரு ட்ரெய்னியைக் கூப்பிடுவது பெரிய மரியாதை. உன்னைச் சேர்த்துக்கொண்டோம் என்று அர்த்தம்.

அந்தப் பெண் ஹால் நடுவில் சொன்னாள்: "எதுக்கு ஆபா? தாப்பா போடச் சொல்லலாமே."

ஆபா என்றால் அக்கா. மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனாலும் ஷமீமின் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து நிவேதா வெயிலில் யார்டைத் தாண்டிப் புது பிளாக்குக்கே போய்வந்தாள். "டைம் ஜாஸ்தி எடுக்குறா" என்று ஷமீம் புகார் சொன்னாள். புகார் டைமைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியாதா?

கதவுக்குத்தான் ஒட்டினேன்

இரண்டு பேரையும் என் ரூமுக்கு அழைத்தேன். ஷமீம் உட்காரவில்லை.

"இன்னா மலரு, பாத்தியா? நம்ம பாத்ரூம் கதவுலயும் ஒட்டி வெச்சிருக்கா. எல்லாக் கதவுலயும். தாப்பா இருந்த எடத்துல வரிசையா. இத்தினி வருசமா நாங்க போய்ட்டு வர்லயா? எங்களுக்கெல்லாம் மானம் இல்லியா? இவ ஒருத்திதான் வந்து எங்களுக்குக் கொற கண்டுபிடிக்கணுமா?"

"ஆபா, நான் உங்களுக்கு ஒட்டல. கதவுக்குத்தான் ஒட்டினேன்."

"கதவுன்னா இன்னா, நாங்கன்னா இன்னா?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆபீஸ் குரலுக்கு மாறினேன்.

"மேனேஜர் உன்ன இன்னிக்கே அனுப்பச் சொல்றாரு நிவேதா."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையிலேயே எதிர்பார்க்கவில்லை. அம்பு ஒட்டினால் யாராவது வந்து சரிசெய்துவிட்டு அம்பைப் பிய்ப்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். டேபிளில் அப்படித்தானே நடக்கிறது? நான்தானே சொல்லிக்கொடுத்தேன், குறை எங்கே தெரிந்தாலும் என்று?

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னத் தூக்கணும்னா தூக்குங்க மேடம். ஆனா தாப்பாவப் போட்டுட்டுத் தூக்குங்க."

சொல்லும்போது திமிராகத்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

ஷமீம் சட்டென்று கேட்டாள். "அப்பிடி இன்னாடி ஒனக்கு அந்தத் தாப்பா மேல?"

"எங்க வூட்ல பாத்ரூமுக்குக் கதவே கெடையாது ஆபா. நாலு கம்பு, எங்கம்மா பழைய பொடவ. அவ்ளோதான். காத்து அடிச்சா ஒரு கையில பொடவயப் புடிச்சிக்கினு ஒரு கையில தண்ணி ஊத்திக்கணும். பின்னாடி ரோடு. யாருனா பைக்ல போனா உக்காந்துக்குவேன். தங்கச்சி வெளிய நின்னு பாத்துக்குவா, அவ போறப்போ நான் நிப்பேன்."

மூக்கை உறிஞ்சினாள்.

"ஹாஸ்டல்ல ரூமுக்கு உள்பக்கம் தாப்பா கீது. வந்த அன்னிக்கு சும்மாவே போட்டுப் போட்டுத் தொறந்து பாத்தேன், கூட இருந்த பொண்ணு சிரிச்சா. வேல போச்சுன்னா ஹாஸ்டல் போச்சு. திரும்ப அந்தப் பொடவதான். அதனாலதான் நீங்க கதவு புடிக்கக் கூப்ட்டப்போ எனக்கு வர முடியல ஆபா. இங்கயும் அதேதான்னா, நான் எதுக்கு இவ்ளோ தூரம் வந்தேன்?"

ஷமீம் தலையில் சரிந்த துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்குத் தெரியும், அவளுக்குப் பேச்சு வராதபோது செய்கிற வேலை அது.

"இவ வேணும், வேணாம்ன்றதெல்லாம் அப்பறம்" என்றாள் கடைசியில். "மொதல்ல அந்த ஏழுமலையக் கூப்புடு."

கைய எடுடி

ஏழுமலை வாசலில் தயங்கினார். "உள்ள ஆளு இல்லியே?"

"நான் நிக்கிறேன், நீ போய்யா" என்று ஷமீம் இடுப்பில் கைவைத்து வாசலை மறித்துக்கொண்டாள். அவ்வளவுதான். கேன்டீனிலிருந்து எனக்கு வந்த டீ ஆறுவதற்குள் எல்லாக் கதவுக்கும் புதுத் தாழ்ப்பாள் போட்டு, ஒவ்வோர் அம்பையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அவர் வெளியே வந்தார். "இதுக்குத்தானா?" என்று என்னைக் கேட்டார். இதுக்குத்தான். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. டீயைக் குடித்தேன்.

ஷமீம் உள்ளே போனாள். நான் வழக்கம்போலக் கதவுக்கு வெளியே போய்ப் பிடித்துக்கொண்டேன். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கை அப்படியே இருந்தது.

"கைய எடுடி" என்றாள் உள்ளேயிருந்து. பார்க்காமலே தெரிந்திருக்கிறது.

எடுத்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நேரம் போனது. ஷமீம் வரவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. அவள் 'கீறியா' என்று கேட்கவும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பயம் வந்து, நானே கேட்டேன். "ஷமீம், கீறியா?"

"கீறேன். சும்மா இரு."

ஒருவழியாக வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இன்னாடி இவ்ளோ நேரம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா நின்னுகினு இருந்தேன்" என்றாள். "நீ வெளிய காத்துகினு கீறியே, கை வலிக்குமே, மிஷின் நிக்குதேன்னு எத்தினி வருசமா அவசர அவசரமாவே வந்துகினு இருந்தேன் மலரு. இன்னிக்குத்தான் யாருக்காகவும் அவசரப்படாம நின்னேன். யா அல்லா, இதுகூட ஒரு சொகமாடி?"

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, அழுதுவிட்டாள். நானும்தான். பாத்ரூம் வாசலில் இரண்டு அரைக்கிழங்கள் அழுதுகொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதோம்.

அப்புறம் அவள் நேராக மேனேஜர் ரூமுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். கதவைத் தட்டினாளோ இல்லையோ, "சார், அந்தப் பொண்ணு பாஸ்" என்றாள். எங்கள் டேபிளில் இரண்டே வார்த்தைகள்தான்: பாஸ், ரிஜெக்ட்.

மேனேஜர் விழித்தார். விஷயத்தைச் சொன்னேன். பெண்கள் பாத்ரூமில் தாழ்ப்பாளே இல்லை என்பது அந்த மனுஷருக்கு அன்றுதான் தெரிகிறது. காது சிவந்துபோனது.

"இத்தினி வருஷம் ஏன்மா யாரும் சொல்லல?"

"நீங்க கேக்கல சார். நாங்க சொல்லல" என்றாள் ஷமீம். "அவளுக்கு அந்தப் பழக்கம் தெரியல பாருங்க, கேக்காமலே சொல்லிட்டா. அவ இருக்கட்டும் சார்."

அவர் தலையாட்டினார். ஆட்டும்போது நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தது, மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

பார்ட்டி வந்தார்கள், போனார்கள். குழாய் ஒழுகவில்லை. ஃபேன் சத்தம் போடவில்லை. கடிகாரத்தைச் சரிசெய்ததில் சாயங்காலம் எல்லோரும் ஒழுங்கான நேரத்துக்கு வெளியே வந்து, கம்பெனி பஸ் இன்னும் வராததைப் பார்த்து டிரைவரைத் திட்டினார்கள். மேனேஜரின் நாற்காலி மட்டும் அப்படியே இருக்கிறது, ஓடும் என்கிறார். என் போர்டைக் கழற்றிவிட்டேன். என்ன எழுதுவது என்று இன்னும் தோன்றவில்லை.

டீ டைம்

அதற்கப்புறம் ஹாலில் ஒரு வெறுமை இருந்தது, மறைப்பானேன். தாழ்ப்பாள் வந்ததும் எல்லோரும் தனித்தனியாகப் போய்வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஷமீமும் நானும்கூட இரண்டு மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. பேசுவதற்கு எங்கே போவது?

ஒரு நாள் டீ டைமில் ஷமீமின் டேபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நிவேதா வந்து நின்றாள்.

"ஆபா, கதவு புடிக்க வர்றீங்களா?"

ஷமீம் பதறிப்போனாள். "ஏன்டி, தாப்பா கழண்டுடுச்சா? அந்த ஏழுமலைய..."

"இல்ல ஆபா. தாப்பா நல்லாத்தான் கீது." நிவேதா டீ கிளாஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா வாங்களேன்."

ஷமீம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தாள். இரண்டு அடி போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இன்னா, குந்திகினு கீற? வா."

மூவரும் போனோம். நிவேதா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நாங்கள் இருவரும் வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஷமீம் தன் மருமகள் செய்த குருமாவைப் பற்றி ஆரம்பித்தாள். நானும் என் பங்குக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடுவில் உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஆபா... கீறீங்களா?"

ஷமீம் பேச்சை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். கட்டியிருந்த கையை எடுத்து, பிடிக்கத் தேவையே இல்லாத அந்தக் கதவின்மேல் வைத்தாள்.

"கீறேன்டி" என்றாள். "எங்க போய்டுவேன்? கீறேன்."